பிள்ளையின் இருபக்கமும் அணை வேண்டுமா? வன்னித் தாய்மார் கேட்கும் கேள்விகள்

விசுவமடுவில் ஒரு வீட்டு விறாந்தையில் கனடாவிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்தபோது நானும் அங்கே இருந்தேன். பிள்ளை பிறந்து பதினெட்டாம் நாள். மேலே சவர்க்காரமும் சொக்லேட்டும் இருந்தன. அடியில் இளநீல நிறத்தில் ஒரு சிறிய மெத்தை. அதன் இருபக்கமும் ஒட்டுநாடாவால் பொருத்திய இரண்டு உருட்டுத் தலையணைகள், அவற்றின் மேல் யானைக்குட்டிப் படங்கள். பிள்ளையை நடுவில் கிடத்தி இரண்டு அணைகளையும் நெருக்கிவிட்டால் அசையாமல் தூங்கும் என்று மாமி தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாய் என்னைப் பார்த்து, "மிசி, இதில் கிடத்தலாமா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. ஒரு அணையை எடுத்து மூக்கும் வாயும் புதையும்படி என் முகத்தோடு அழுத்திப் பிடித்தேன். நாலைந்து மூச்சுக்குள் நான் விட்ட காற்றே சூடாகத் திரும்பி வந்தது. பிறகு அதை அவளிடம் கொடுத்தேன். அவளும் வைத்துப் பார்த்தாள். எடுத்தபின் அந்த அணையைப் பிள்ளைக்கு எட்டாத தூரத்தில், கதிரைக்கு அடியில் வைத்தாள்.

குடும்பநல உத்தியோகத்தராக, ஊரார் அழைக்கும் மிசியாக, வன்னியில் வீடு வீடாகப் போகும் எனக்கு இதே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதுகிறேன்.

படுக்கை அணை என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

பிள்ளை தூங்கும்போது அதை ஒரே நிலையில் நிறுத்தி வைக்க விற்கப்படும் எல்லாவற்றையும் சொல்கிறேன். இருபக்க உருட்டணை, தலைப்பக்கம் உயர்ந்த ஆப்பு வடிவத் தலையணை, சுற்றிவரத் திண்டு வைத்துத் தைத்த கூடு போன்ற மெத்தை, தலை உருண்டையாக வருவதற்கென்று விற்கும் நடுவில் குழி வைத்த தலையணை, சாய்ந்து கிடக்கும் ஆடும் தொட்டில் எல்லாம் இதில் அடங்கும்.

கடையில் வாங்காதவையும் இதே கணக்குத்தான். சேலையைச் சுருட்டி இருபக்கமும் வைப்பது, பெரியவர்களின் தலையணையால் வேலி கட்டுவது, துவாயை மடித்துத் தலைக்குக் கீழ் கொடுப்பது ஆகியவற்றை வெளிநாட்டுப் பெட்டியைவிட அதிகமாக நான் காண்கிறேன்.

இவை பாதுகாப்பானவையா?

இல்லை.

2010 செப்டெம்பரில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழுவும் சேர்ந்து, இந்த அணைகளைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று பெற்றோருக்கு அறிவித்தன. அதற்கு முந்திய 13 ஆண்டுகளில் இந்த அணைகளில் கிடந்த 12 பிள்ளைகள் மூச்சடைத்து இறந்த செய்தி அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் பக்கவாட்டில் கிடத்தப்பட்டு, பின் குப்புறப் புரண்டவர்கள். புரளாமல் தடுக்கும் என்று வாங்கிய பொருளுக்கும் மெத்தைக்கும் இடையில் முகம் அகப்பட்டிருந்தது. சாகாமல் தப்பி, ஆபத்தான நிலையில் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைகள் வேறு. பிரித்தானிய சுகாதார சேவையும் கனடாவின் சுகாதாரத் திணைக்களமும் இதே அறிவுரையைத்தான் சொல்கின்றன. பெட்டி அனுப்பும் மாமி வாழும் நாட்டு அரசே வேண்டாம் என்று சொல்வதை மாமி அறியவில்லை. அவரில் பிழையில்லை. கடையில் விற்கிறார்கள் என்றால் யாரோ பார்த்துத்தானே விற்கிறார்கள் என்று எவரும் நினைப்போம்.

அப்படியென்றாலும் சில பிள்ளைகளுக்காவது தேவைப்படும் அல்லவா?

பிறந்த பிள்ளைக்குத் தூங்கத் தேவையானது கொஞ்சம்தான். சமமான இடம், அழுத்தினால் பள்ளம் விழாத கெட்டியான படுக்கை, இறுக்கி விரித்த ஒரு துணி, நுளம்பு வலை, எட்டினால் தொடும் தூரத்தில் தாய். தலையணை வேண்டாம். அணை வேண்டாம். பொம்மை வேண்டாம். நலமாயிருந்த பிள்ளை காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறந்துபோவதைத் திடீர்ச் சிசு மரணம் என்கிறோம். அதைத் தடுக்கும் என்று எந்தப் பொருளையும் அந்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதுவரை அங்கீகரித்ததில்லை. உறையில் அப்படி எழுதியிருந்தால் அது வியாபாரியின் எழுத்து.

இதை எழுதும்போது எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த செட்டிகுளத்து முகாம்களில், தறப்பாளின் கீழே, பச்சிளம் பிள்ளைக்குக் காட்போட் மட்டையால் இரவெல்லாம் விசிறிக்கொண்டிருந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். விரிக்க ஒரு பழைய சாறம்தான் இருந்தது. அவர்களின் தங்கைமாருக்கும் பெறாமக்களுக்கும் இன்று பிள்ளை பிறக்கிறது. தங்களுக்கு இல்லாத எல்லாவற்றையும் இந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்த வீடுகளில் ஒரு தவிப்பு இருக்கிறது. அந்தத் தவிப்பை நான் குறை சொல்லவே மாட்டேன். காசு கொஞ்சம் கையில் இருந்தால் நல்ல நுளம்பு வலை வாங்குங்கள், தாய்க்கு மீனும் முட்டையும் வாங்கிக் கொடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

மெத்தென்ற பஞ்சு எப்படி மூச்சை நிறுத்தும்?

முகம் பஞ்சில் புதைந்தால், பிள்ளை வெளியே விட்ட காற்று அதே இடத்தில் தேங்குகிறது. அடுத்த மூச்சில் அதையே இழுக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் காபனீரொட்சைட்டு கூடி ஒட்சிசன் குறைகிறது. நாமென்றால் விழித்துத் தலையைத் திருப்பிவிடுவோம். முதல் மாதங்களில் பிள்ளையின் மூளைக்கு அந்த விழிப்பு இன்னும் முழுதாகக் கைவரவில்லை. விழித்தாலும் தலையைத் தூக்கக் கழுத்தில் பலம் இல்லை. பிறந்த பிள்ளையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தலைதான். அவ்வளவு பாரத்தை அந்தக் கழுத்து எப்படித் தூக்கும்?

இன்னொரு வழியும் உண்டு. தலைக்குக் கீழே உயரம் கொடுத்தால் நாடி, அதாவது முகவாய், நெஞ்சில் இடிக்கும். பிள்ளையின் மூச்சுக்குழாய் ஒடுங்கியது, மென்மையானது. ஈரமான பப்பாசிக் குழலை மடித்தால் உள்ளே வழி அடைபடுவது போல, கழுத்து மடிந்ததும் அதுவும் அடைபடும். முகத்தில் துணி எதுவும் மூடியிருக்காது. சத்தமும் வராது. பக்கத்தில் இருப்பவர் பிள்ளை அயர்ந்து தூங்குகிறது என்றே நினைப்பார்.

அழும், கையைக் காலை அடிக்கும், நமக்குத் தெரியவரும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் பயம் தருவது.

மல்லாக்கப் படுத்தினால் பால் புரைக்கேறாதா?

கிளினிக்கில் அம்மம்மாமார் முதலில் கேட்பது இதைத்தான். கேட்க நியாயமும் இருக்கிறது. வாந்தி எடுக்கும் பெரியவரை நாம் பக்கவாட்டில் திருப்புகிறோம். பிள்ளைக்கு மட்டும் ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

தொண்டைக்குக் கீழே இரண்டு குழாய்கள் இருக்கின்றன. முன்னால் மூச்சுக்குழாய், அதற்குப் பின்னால், முதுகுப் பக்கமாக, உணவுக்குழாய். பிள்ளை மல்லாந்து கிடந்தால் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கி வரும் பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போக முடியாமல் கீழேயே வழிந்து திரும்பிவிடும். மிச்சத்தைப் பிள்ளை விழுங்கும், அல்லது இருமித் துப்பும். குப்புறக் கிடந்தால் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடும். உணவுக்குழாய் மேலே, மூச்சுக்குழாய் கீழே. மேலிருந்து வரும் பால் நேராக மூச்சு வழியின் வாயில் வந்து தேங்கும். நான் இதைச் சொல்லும்போது இரண்டு விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டுவேன், பிறகு கையைப் புரட்டுவேன். அம்மம்மாமார் அதைப் பார்த்துத் தங்கள் கையாலும் செய்து பார்ப்பார்கள்.

ஊகமாகச் சொல்லவில்லை. பிரித்தானியாவில் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் 1991 ஜூலையில் தன் கைக்குழந்தையைத் திடீர்ச் சிசு மரணத்தில் பறிகொடுத்தார். அழுது ஓயாமல், பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பரப்புரைக்காகப் போராடினார். அந்த ஆண்டின் முடிவிலேயே அது தொடங்கியது. அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்கள் 1992இல் அதே அறிவுரையைக் கொடுத்தார்கள், 1994இல் நாடு தழுவிய பரப்புரை வந்தது. இரண்டு நாடுகளிலும் திடீர்ச் சிசு மரணங்கள் சில ஆண்டுகளில் பாதியாகவும் அதற்குக் கீழேயும் இறங்கின. மல்லாந்து படுத்த பிள்ளைகள் பால் புரைக்கேறி இறப்பது அதனால் கூடவில்லை.

பால் கக்கும் பிள்ளைக்குத் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தலாமா?

உயர்த்தினால் கக்குவது குறையாது. பிள்ளை வழுகி இறங்கும், கழுத்து மடியும். பால் கொடுத்தபின் இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடித்து ஏவறை வரவையுங்கள், பிறகு சமமான இடத்தில் மல்லாக்கக் கிடத்துங்கள்.

சாய்வுத் தொட்டில்களின் கதையைக் கேட்டால் இந்த ஆசை விட்டுவிடும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் ஏறத்தாழ 47 இலட்சம் சாய்வுத் தொட்டில்கள் ஒரே தடவையில் திரும்பப் பெறப்பட்டன. 30க்கு மேற்பட்ட பிள்ளைகள் அவற்றில் இறந்திருந்தார்கள். 2023 ஜனவரியில் அறிவிப்பை மறுபடி வெளியிட்டபோது அந்தத் தொகை ஏறத்தாழ 100 என்று சொல்லப்பட்டது; திரும்பக் கேட்ட பிறகும் சில வீடுகளில் அதையே பாவித்தார்கள். 2022 மே மாதத்தில் அங்கே ஒரு சட்டம் நிறைவேறியது. பிள்ளைகள் தூங்குவதற்கென்று விற்கும் படுக்கையின் சாய்வு 10 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது. தொட்டிலின் உள்விளிம்பில் கட்டும் பஞ்சுத் திண்டுகளும் அதே சட்டத்தில் தடை செய்யப்பட்டன.

கக்குவதோடு எடை ஏறாமலும் இருந்தால், கக்குவது பச்சையாகவோ இரத்தம் கலந்தோ வந்தால், பீறிட்டு அடித்தால், தலையணை தேடாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பக்கவாட்டில் படுக்க வைத்தால்?

பக்கவாட்டில் கிடக்கும் பிள்ளைக்குக் குப்புற விழ ஒரு சிறு அசைவு போதும். வேண்டாம்.

அணை இல்லாவிட்டால் கட்டிலில் இருந்து உருண்டு விழாதா?

உயரமான கட்டிலில் தனியே விட்டால் விழும். அதற்குத் தலையணை வேலி தீர்வாகாது. வேலியைத் தாண்டி விழுந்த பிள்ளைகளையும் வேலிக்குள் முகம் புதைத்த பிள்ளையையும் நான் பார்த்திருக்கிறேன். தாய் கண் அயரவேண்டி வந்தால் படுக்கையை நிலத்துக்கு இறக்குங்கள்.

தலை தட்டையாகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

மல்லாந்தே கிடக்கும் பிள்ளைக்குப் பிடரி சற்றுத் தட்டையாவது உண்டு. அநேகமாக அது தானாகவே திருந்தும். உட்காரவும் தவழவும் தொடங்கியபின் முடியும் வளர்ந்து தெரியாமல் போகும். அதற்காக விற்கும் குழித் தலையணை, கடுகு நிரப்பிய தலையணை இரண்டும் தூங்கும் பிள்ளையின் தலைக்குக் கீழே வைக்கத் தக்கவை அல்ல.

செய்யக்கூடியது வேறு இருக்கிறது. பிள்ளை விழித்திருக்கும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பாயில் குப்புறக் கிடத்துங்கள். முதல் வாரங்களில் இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். முன்னால் நீங்களும் குப்புறக் கிடந்து பேசினால் பிள்ளை தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். மாங்குளத்தில் ஒரு அப்பப்பா பேரனுக்காகத் தினமும் இப்படிக் கிடப்பார், பேரனும் அவருடைய மீசையைப் பிடிக்கத்தான் கழுத்தைத் தூக்கப் பழகினான். இன்னொன்று, ஒரு நாள் தலை வடக்கே என்றால் மறுநாள் கால் வடக்கே கிடத்துங்கள். வெளிச்சமும் அம்மாவின் முகமும் வரும் பக்கத்துக்கே பிள்ளை திரும்பும் என்பதால் தலை ஒரே பக்கம் அழுந்தாது. எப்போதும் ஒரு பக்கமே திரும்பினால் கழுத்துத் தசையைப் பார்க்கச் சொல்லிக் கிளினிக்கில் காட்டுங்கள்.

குளிக்க வார்க்கும்போது தலையைப் பிடித்து உருட்டுவது, மூக்கை இழுத்துவிடுவது இரண்டையும் விட்டுவிடுங்கள். உச்சிக்குழி இன்னும் மூடவில்லை.

ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளையைத் துணிக்கூட்டில் குப்புறப் போட்டிருந்தார்களே?

நல்ல கேள்வி. குறைமாதப் பிள்ளைகளின் பிரிவில் துணியைச் சுருட்டிக் கூடு கட்டுவதும் சில வேளை குப்புறக் கிடத்துவதும் உண்மைதான். அங்கே பிள்ளையின் காலில் அல்லது கையில் ஒட்சிசன் அளக்கும் கருவி கட்டியிருக்கும். மூச்சு நின்று ஒட்சிசன் குறைந்தால் மணி அடிக்கும், தாதி ஓடி வருவார். மல்லாவியில், ஒட்டுசுட்டானில், உங்கள் வீட்டு அறையில் இரவு இரண்டு மணிக்கு அந்த மணி இல்லை. வீட்டுக்கு அனுப்ப முன்பே இந்தப் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கப் பழக்குவார்கள். அப்படிப் பழக்காமல் வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டினால் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. குறைமாதத்தில் அல்லது இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைக்குத்தான் இந்த ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிட அதிகம்.

எங்கள் அம்மா, அம்மம்மா எல்லோரும் ஏணையில் வளர்ந்தவர்கள். ஏணையும் கூடாதா?

நானும் ஏணையில் வளர்ந்தவள். அம்மாவின் பருத்திச் சேலை, வளையில் கட்டிய கயிறு, கீழே ஆட்டுவதற்கு ஒரு துண்டுக் கயிறு. அழுகிற பிள்ளையை ஏணை அடக்குவது போல வேறொன்றும் அடக்காது என்பதை நான் மறுக்கவில்லை. அடுப்படி வேலையும் தோட்ட வேலையும் தனியே பார்க்கும் தாய்க்கு அது இன்னொரு கை.

ஆனால் ஏணைக்குள் எட்டிப் பாருங்கள். துணி வளைந்து கிடக்கிறது. பிள்ளையின் முதுகும் வளைகிறது, நாடி நெஞ்சை நோக்கி இறங்குகிறது. நான் மேலே சொன்ன மடிந்த குழல்தான். துணி ஒடுங்கினால் இருபக்கமும் முகத்துக்கு அணைபோல வந்து மூடும். சமமும் இல்லை, கெட்டியும் இல்லை. முதல் நாலு மாதப் பிள்ளையை ஏணையில் இரவு முழுக்க விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. திடீர்ச் சிசு மரணம் அதிகம் நடப்பது 1 முதல் 4 மாதத்துக்குள். பத்தில் ஒன்பது 6 மாதத்துக்குள் நடந்துவிடுகிறது.

ஆட்டித் தூங்க வையுங்கள், தூங்கியதும் தூக்கிப் பாயில் மல்லாக்கக் கிடத்துங்கள். எடுக்கும்போது விழித்து அழும் என்பது எனக்குத் தெரியும். முதுகையும் தலையையும் ஒன்றாகத் தாங்கி, உங்கள் நெஞ்சோடு அணைத்தபடி குனிந்து, பிட்டம் முதலில் பாயில் படும்படி இறக்கிக் கொஞ்ச நேரம் கையை நெஞ்சில் வைத்திருங்கள். இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். பகலில் ஏணையில் கிடக்கும் கொஞ்ச நேரமும் உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும். குறுக்கே தடி கொடுத்துத் துணியை விரித்து வையுங்கள், நிலத்துக்கு நெருக்கமாகக் கட்டுங்கள், முடிச்சைத் தினமும் பாருங்கள். மூத்த பிள்ளையை ஆட்டச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போகாதீர்கள்.

பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒரே பாயில் படுக்கலாமா?

ஒரே அறையில் படுக்கத்தான் வேண்டும், குறைந்தது ஆறு மாதம். ஒரே அறை பாதுகாப்புத் தருகிறது, இரவில் பால் கொடுக்கவும் வசதி. ஒரே படுக்கையைத்தான் மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். உங்கள் பாயை ஒட்டி இன்னொரு சிறு பாயை விரித்துப் பிள்ளையை அதில் கிடத்துங்கள். கை நீட்டினால் தொடலாம், நீங்கள் புரண்டால் அதன்மேல் வரமாட்டீர்கள். நெருங்கி நெய்த பன்பாயோ ஓலைப்பாயோ அதற்கு மிக நல்லது. சமமானது, கெட்டியானது, வன்னி வெக்கைக்கு இதமானது. பள்ளம் விழுந்த பழைய பஞ்சு மெத்தையைவிட எத்தனையோ மடங்கு மேல்.

வீட்டில் யாராவது சுருட்டு, பீடி, சிகரெட் பிடித்தால், மது குடித்தால், தூக்கம் வரவைக்கும் மருந்து எடுத்தால், அவர் பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது. தகப்பன்மாருக்கு இதைச் சொல்ல நான் தயங்குவதில்லை. சோபாவில் அல்லது சாய்மனைக் கதிரையில் பிள்ளையை நெஞ்சில் போட்டபடி தூங்குவது எல்லாவற்றிலும் மோசம். களைத்திருக்கும்போது பால் கொடுக்கப் பாயைத் தெரிவு செய்யுங்கள்.

தாய்ப்பாலே ஒரு காவல். குறைந்தது இரண்டு மாதம் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளில் திடீர்ச் சிசு மரணம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது.

நிலத்தில் படுத்தால் பாம்பு, தேள், நுளம்பு? வலையோடு விற்கும் பேபி செட் வாங்கலாமா?

இந்தப் பயத்தை வெளியூர் வைத்தியர் சிரித்துக் கடந்து போகலாம், வன்னியில் இருப்பவர்கள் கடக்க முடியாது. பெரிய நுளம்பு வலையைக் கட்டி, விளிம்பை நாலு பக்கமும் பாய்க்குக் கீழே செருகி, பாயின் பாரத்தால் அமுக்குங்கள். மலேரியாக் காலத்தில் எங்கள் பெற்றோர் கற்ற வழக்கம் அது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது, ஆனால் டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

குடைபோல விரியும் வலையோடு, சின்ன மெத்தை, இரண்டு உருட்டணை, ஒரு தலையணை சேர்த்து விற்கும் பேபி செட் இப்போது வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கடைக்குக் கடை தொங்குகிறது. வாங்கிவிட்டீர்கள் என்றால் உருட்டணைகளையும் தலையணையையும் வெளியே எடுத்துவிடுங்கள். மெத்தையில் உள்ளங்கையை அழுத்தி எடுங்கள். கையின் தடம் பள்ளமாக நின்றால் அந்த மெத்தையையும் எடுத்துவிடுங்கள். வலை மட்டும் போதும்.

சித்திரை வெயிலில் எப்படி, மார்கழிக் குளிரில் எப்படி?

அளவுக்கு மீறிய சூடும் திடீர்ச் சிசு மரணத்தோடு சேர்ந்து வரும் ஓர் ஆபத்து. தகரக் கூரை வீட்டில் சித்திரையில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும், சில மதியங்களில் நப்பி மட்டும் போதும். தொப்பி, காலுறை, கையுறை மாட்டித் தூங்க வைக்காதீர்கள். பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் உடுப்பு கூடிவிட்டது. கை கால் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்பு. வாடைக்காற்று அடிக்கும் நாள்களில் இன்னொரு சட்டையைப் போட்டுவிடுங்கள், தளர்ந்த போர்வையால் மூடாதீர்கள். துணியால் சுற்றுவதென்றால் மல்லாக்க மட்டும், நெஞ்சும் இடுப்பும் இறுகாமல். உடம்பு பிரட்ட எத்தனிக்கும் நாளோடு சுற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

31ஆம் நாளில் கழுத்தில் போட்ட பஞ்சாயுதத்தைக் கழற்ற வேண்டுமா?

தூங்கும்போது கழற்றுங்கள். துடக்குக் கழிவன்று அம்மம்மா ஆசையோடு போட்ட சங்கிலி, கோயிலில் கட்டிய நூல், அட்சரக்கூடு எதுவானாலும் கழுத்தைச் சுற்றிய கயிறு தூக்கத்தில் இறுகக்கூடும். அறுத்த மணியை விழுங்கவும் கூடும். சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, குளித்து உடுத்தி விழித்திருக்கும் நேரத்தில் போட்டுவிடும் வீடுகள் இருக்கின்றன. எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும்.

உடம்பு பிரட்டத் தொடங்கியபின் இரவெல்லாம் எழும்பித் திருப்பிவிட வேண்டுமா?

கிடத்தும்போது ஒரு வயதுவரை மல்லாக்கவே கிடத்துங்கள். மல்லாந்த நிலையிலிருந்து குப்புறவும், குப்புற இருந்து மல்லாக்கவும் இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த பிள்ளை, பிறகு எப்படிப் புரண்டு தூங்கினாலும் விட்டுவிடலாம். ஒரு பக்கம் மட்டும் புரளத் தெரிந்த நாள்களில் கண்டால் திருப்பிவிடுங்கள். பக்கத்தில் அணையும் தலையணையும் இல்லாதிருப்பது இந்தப் பருவத்தில்தான் மிகவும் முக்கியம்.

பிள்ளை மூச்சில்லாமல் கிடந்தால் என்ன செய்வது?

உள்ளங்காலைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவும் மூச்சும் இல்லையென்றால் கத்தி ஆள் கூப்பிட்டு, 1990 அம்புலன்ஸை அழைத்து, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு நிலத்தில் வையுங்கள். பிள்ளையைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். தலையை மிகவும் அண்ணாத்தாமல் முகட்டைப் பார்க்கும்படி நேராக வையுங்கள். உங்கள் வாயால் பிள்ளையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, நெஞ்சு எழும்பும் அளவுக்கு மெல்ல ஊதுங்கள். முலைக்காம்புகளுக்கு நடுவே, சற்றுக் கீழே, இரண்டு கைகளாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு பெருவிரல்களால், நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்துங்கள். 30 அழுத்தம், 2 ஊதல். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். தலைகீழாகத் தூக்கிக் குலுக்காதீர்கள், வாயில் தண்ணீர் விடாதீர்கள். கிளினிக் நாளில் ஒரு பொம்மையில் செய்து பழகக் கேளுங்கள்; நேரம் ஒதுக்கிக் காட்டித்தருவோம்.

வந்த அணையை என்ன செய்வது? அனுப்பிய மாமி கோபிக்க மாட்டாரா?

இன்னொரு வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். புதிதாக இருக்கிறதே, வீணாகிறதே என்று அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். இதில் மட்டும் அதை விட வேண்டும். வெட்டிப் பஞ்சை எடுத்துவிடலாம். உறைத் துணி நன்றாக இருந்தால் பிள்ளையின் உடுப்புப் பை தைக்கலாம்.

விசுவமடுத் தாய் மாமிக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினாள். பன்பாயில் வெள்ளைத் துணி, நடுவில் மல்லாந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே எறிந்து தூங்கும் பிள்ளை, வேறொன்றும் இல்லை. கீழே, "உங்கள் நாட்டிலும் இப்படித்தான் சொல்கிறார்களாம் மாமி, மிசி சொன்னா" என்று எழுதினாள். அடுத்த வாரம் நான் போனபோது மாமியின் பதிலைக் காட்டினாள். தன் மகளுக்கு மார்கழியில் பிள்ளை பிறக்க இருக்கிறது, அதற்கென்று வாங்கிவைத்த அதே அணையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார்.